கடுராமு சாரின் கேள்வி வகுப்பு

கடுராமு சார் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவர். அடுத்த அறையில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள் நான். நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. அந்த மனிதரின் தொண்டைக்கு அது எந்த மூலைக்கு? என் பிள்ளைகள் பின்னத்தை விட்டுவிட்டு அவருடைய பாடத்தைத்தான் கற்றார்கள்.

மேற்கு உகாண்டாவில் எங்கள் தோரோ பக்கத்து வாத்தியார்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாக்கியத்தின் கடைசியில் நிறுத்தி 'என்னது?' என்போம், பிள்ளைகள் கோரஸாக முடித்துவைக்க வேண்டும். மணி அடித்ததும் நாங்கள் அதை விட்டுவிடுவோம். கடுராமு சார் கறிக்கடையிலும் விடமாட்டார். "எனக்கு வேண்டியது ஒரு கிலோ என்னது?" என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் "கறி, சார்" என்று சொல்லும்வரை நிற்பார்.

அவருக்குத் துணைத் தலைமையாசிரியர் பதவிமேல் கண். மாவட்ட ஆய்வாளர் வந்து வகுப்பைப் பார்த்து நல்லபடி எழுதிவிட்டால் நாற்காலி அவருக்குத்தான். எனவே கேள்வி வாக்கியங்களை எடுத்துக்கொண்டார், ஆங்கிலத்தில் உள்ள அத்தனை காலங்களிலும். பசு புல் தின்கிறதா? தின்றதா? தின்றுகொண்டிருந்ததா? தின்றிருக்குமா? காலை முதல் மாலை வரை இதே கூச்சல். அந்த மாதம் அந்தப் பசு தின்ற புல்லுக்கு இரண்டு கன்று ஈன்றிருக்கும்.

இவ்வளவு கேள்விக்கு நடுவில் கபசோமி என்ற பெண் ஒருநாள், "சார், எந்த இடத்துல எந்தக் காலம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டுவிட்டாள். அன்று மாலை வரை அவள் பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே எழுதினாள்.

ஆய்வாளர் கொபுசிங்கே மேடம் வந்தார். "வாங்க அட்யேரி, இப்படி உக்காருங்க அட்யேரி" என்று எங்கள் பக்கத்தில் அன்புக்கும் மரியாதைக்கும் அழைக்கும் அவருடைய செல்லப்பெயரை வார்த்தைக்கு வார்த்தை சொல்லிக் குழைந்தார் கடுராமு. தேநீர் கொண்டுபோகும் சாக்கில் நானும் கடைசி பெஞ்சில் இடம்பிடித்தேன். பசு வந்தது, புல் தின்றது, எல்லாக் காலத்திலும் தின்று முடித்தது. ஒரு பிள்ளையும் பிசகவில்லை. கடுராமு சாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்போதே துணைத் தலைமையாசிரியர் ஆகிவிட்டார்.

"பசு போதும், சார்," என்றார் மேடம். "பிள்ளைங்களா, இப்ப நீங்க என்கிட்ட ஏதாவது கேளுங்க. எதுவா இருந்தாலும் சரி."

வகுப்பு கரும்பலகையைப் பார்த்தது. கேள்வியாக மாற்ற அதில் ஒரு வாக்கியமும் இல்லை. மேடம் காத்திருந்தார். கடுராமு சாருக்கு வேர்த்துக் கொட்டியது.

"கேளுங்கப்பா, ஏன் முழிக்கிறீங்க? நம்ம வகுப்புல கேள்வி கேக்குற பிள்ளைக்குக் கிடைக்கிறது என்னது?"

"பிரம்படி, சார்."

ஒரே குரல், சுருதி சுத்தம். பாராட்டு என்று வரும் என நினைத்திருப்பார் போலிருக்கிறது, பாவம். நான் தேநீர்த் தட்டை முகத்துக்கு மறைத்துக்கொண்டு சிரித்தேன்.

மேடம் சிரிக்கவில்லை. "பிரம்பைத் தொடவே கூடாதுன்னு சட்டம் இருக்கே, சார். முன்னாடி அடிச்சீங்களா, இப்பவும் அடிக்கிறீங்களா?"

"அது வந்து, அட்யேரி..."

"மேடம்னே கூப்பிடுங்க. அந்தப் பதவியை மறந்துடுங்க."

எனக்குக் குளுகுளுவென்றிருந்தது. அப்போது முன்வரிசையில் ஒரு கை மெல்ல எழுந்தது. கபசோமி.

"கேளும்மா," என்றார் மேடம், முதல்முறையாக முகம் மலர்ந்து.

"மேடம், நாளைக்கும் வருவீங்களா?"

கடுராமு சார் பிரம்பு வைத்திருக்கும் அலமாரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே அவருடைய டிரைவர் அடுத்த பள்ளிக்குப் புறப்பட வண்டியைக் கிளப்பி வைத்திருந்தார்.