வேறு கை நெய்த பட்டை

தான் நெய்த துணியை அவள் முழுதாகப் பார்த்தது கண்காட்சிக் கூடத்தில்தான். நெய்கிறவர்களுக்கு இது புதிதில்லை. நெய்ய நெய்யத் துணி தறியின் உருளையில் சுருண்டு போய்க்கொண்டே இருக்கும்; கண்முன்னால் எப்போதும் சில விரல் அகலம்தான் தெரியும். தறியிலிருந்து அறுத்து எடுத்த அன்றே கூடத்திலிருந்து வண்டி வந்துவிட்டதால், விரித்துப் பார்க்க நேரமில்லாமல் சுருட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

இரண்டு பேர் ஏணியில் ஏறி அதைத் தொங்கவிட்டார்கள். இரண்டு ஆள் உயரம். மேலே கரிநிறம், கீழே வரவர வெளுத்து, தரையைத் தொடும் இடத்தில் சாம்பல் வெள்ளை. உடுத்தவோ விரிக்கவோ அல்ல, தொங்கவிட்டுப் பார்ப்பதற்கென்றே நெய்தது. அவள் பின்னாலேயே நடந்து எதிர்ச் சுவரில் முதுகு முட்டும்வரை போனாள். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

நடுவில் ஒரு சாண் அளவுக்கு ஒரு பட்டை. அதை அவள் நெய்யவில்லை.

நிறம் அதேதான், நூலும் அதேதான். ஆனால் அடி வேறு. குறுக்கு நூலை ஒரே சீராக அடித்து இறுக்குவது அவள் கை. இந்த ஒரு சாணில் நூல் நாலைந்து வரிசைக்கு இறுகி, பிறகு தொளதொளவென்று தளர்ந்து, திடீரென்று மறுபடி இறுகிக் கிடந்தது. ஓரம் ஒரு பக்கம் உள்ளே வாங்கியிருந்தது. தளர்ந்த இடங்களில் பின்பக்கத்து விளக்கின் வெளிச்சம் கசிந்தது.

கூடத்தின் பொறுப்பாளரம்மா பக்கத்தில் வந்து நின்றார். அவர் அண்ணாந்து பார்த்ததும் அந்த இடத்தைத்தான்.

"மேலேருந்து ஒரே சீரா வந்துட்டே இருக்கு. இந்த இடத்துல மட்டும் துணி மூச்சு விடுது. பாருங்க, எல்லாரும் இங்கதான் நிப்பாங்க."

அவள் நன்றி சொன்னாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மண்டைக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தது. தறிக்கூடம் என்பது வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய கார் ஷெட். உள்ளே இரண்டு தறிகள். ஒன்று அவளுடையது. மற்றது ஆறு வருஷமாக அவளோடு சேர்ந்து அங்கே வேலை செய்யும் தோழியுடையது. பாதி முகத்தை மறைக்கும் கண்ணாடி போட்டிருப்பதால் அந்தத் தோழிக்குக் கண்ணாடி என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஷெட்டுக்கு மூன்று சாவி. அவளிடம் ஒன்று, கண்ணாடியிடம் ஒன்று, மூன்றாவது சமையலறை ஆணியில்.

துணி பாதி வளர்ந்திருந்த சமயம் வெளியூரிலிருந்த தங்கைக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. துணைக்குப் போனவள் திரும்பி வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்து தறியில் உட்கார்ந்தபோது உட்காரும் பலகை வழக்கத்தைவிடப் பின்னால் தள்ளியிருந்தது. யாரோ பெருக்கியிருப்பார்கள் என்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சாம்பல் நூல் குறைந்திருந்தது. எடையில் ஏமாற்றிவிட்டதாக நூல்கடைக்காரரிடம் போனில் சண்டை போட்டாள். அவர் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்துவிட்டு, முணுமுணுத்தபடி இன்னொரு நூல்கண்டு அனுப்பினார். கண்ணுக்குத் தெரிந்த கடைசி சில விரல் துணியில் பெரிய வித்தியாசம் எதுவும் படவில்லை. மனம் முழுக்கத் தங்கையிடம் இருந்தது. அப்படியே தொடர்ந்து நெய்துவிட்டாள்.

இப்போது எல்லாம் ஒரே பக்கம் விரல் நீட்டின.

இதே கண்காட்சிக்குக் கண்ணாடியும் ஒரு துணி அனுப்பியிருந்தாள். அது தேர்வாகவில்லை. செய்தி வந்த அன்று, பரவாயில்லை, அடுத்த தடவை பார்க்கலாம் என்று சிரித்துவிட்டுத் தன் தறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை அவள் இப்போது பெட்டியிலிருந்து எடுப்பதுபோல் எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். கெடுக்கத்தான் செய்தாளா? இல்லை, நாளைக்கே பத்திரிகைக்காரர்கள் முன்னால் நின்று, இதில் என் பங்கும் இருக்கிறது என்று சொல்வதற்கா?

கணவனையும் அவள் விடவில்லை. பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவன். சட்டைப் பொத்தான் அறுந்தால் ஊசியையும் சட்டையையும் அவள் மடியில் போட்டுவிட்டுப் போகிறவன். சாப்பிடும்போது சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். அந்த இரண்டு வாரமும் தானும் அப்பாவும் ரசமும் அப்பளமுமாகக் காலம் தள்ளியதைப் பற்றியே அவன் புலம்பினான். மாமனார் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனார். அவரைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பர், மாலையில் நடை, இரண்டுக்கும் நடுவில் ஜன்னலோரம்.

கண்காட்சி திறப்பு நாளில் கண்ணாடி வந்தாள். துணிக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு, நடுவில் அந்த இடம் வேறு மாதிரி இருக்கிறதே, எப்படிச் செய்தாய் என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவளுக்குள் சுருக்கென்று இறங்கியது. செய்ததும் நீ, கேட்பதும் நீயா என்று நினைத்தாள். ஏதோ தோன்றியது, செய்தேன் என்று மழுப்பினாள். பத்திரிகையிலும் அந்தப் பட்டையைத்தான் எழுதியிருந்தார்கள், படமும் அதற்குத்தான்.

அதன் பிறகு ஷெட்டில் நிம்மதியாக மூச்சு விட முடியவில்லை. புதிதாகப் பாவு நூல் ஏற்றிய தறியைப் போர்வையால் மூடிவிட்டுப் போனாள். நூலை வீட்டுக்குள் கொண்டுவந்து பீரோவில் வைத்தாள். டீ குடிக்க எழுந்து போனாலும் பாதியில் திரும்பி வந்து எட்டிப் பார்த்தாள். கண்ணாடி சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன யோசிக்கிறாள் என்று தோன்றியது. மும்முரமாக வேலை செய்தால் ஏன் இவ்வளவு மும்முரம் என்று தோன்றியது. ஒருநாள் பூட்டையே மாற்றிவிட்டாள். மறுநாள் காலை கண்ணாடி பழைய சாவியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"பூட்டு கெட்டுப்போச்சா?"

"நான் ஊருக்குப் போயிருந்தப்ப என் தறியில உக்காந்தியா?"

கண்ணாடி முதலில் சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் முகம் மாறியது.

"இல்ல."

"அப்ப நடுவுல இருக்கறது யாரு நெய்தது?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ நெய்ததுன்னுதான் நினைச்சேன். நல்லா இருக்குன்னுதான் கேட்டேன்."

"சாவி உங்கிட்டதான இருந்துச்சு?"

கண்ணாடி கையிலிருந்த சாவியை ஜன்னல் கட்டையில் வைத்தாள். அந்த வாரத்துக்குள் கண்ணாடியின் அண்ணன் வந்து தறியைக் கழற்றி, கட்டைகளைக் கயிற்றால் கட்டி வண்டியில் ஏற்றினான். குற்றமுள்ள நெஞ்சுதானே இப்படி ஓடும் என்று அவள் கணவனிடம் சொன்னாள். ஜன்னலோரம் இருந்த மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

கண்காட்சிக்கு அவரை அழைத்தபோதெல்லாம் முட்டி வலி, வெயில், கூட்டம் என்று ஏதாவது சாக்குச் சொன்னார். முடியப் போகிறது, ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது, வீட்டு மனிதர் பார்க்கவில்லையென்றால் நன்றாக இருக்காது என்று ஒரு மத்தியானம் அவள் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

கூடத்தில் கூட்டமில்லை. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு துணிக்கு எதிரே நின்றார். மேலே பார்க்கவில்லை, கீழே பார்க்கவில்லை. பார்வை நேராக நடுவில் போய் நின்றது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தற்செயலாகக் கீழே பார்த்தாள். செருப்புக்குள் அவருடைய கால்கள் அசைந்துகொண்டிருந்தன. இடது, வலது, இடது, வலது. மெதுவாக, அழுத்தமாக, ஒன்று இறங்கும்போது மற்றது ஏறியது.

தறியின் மிதியை அப்படித்தான் மிதிக்க வேண்டும்.

பின்னால் தள்ளியிருந்த பலகை அப்போதுதான் ஞாபகம் வந்தது. கண்ணாடி அவளைவிடக் குள்ளம். பலகையை இழுத்துப் போட்டிருந்தால் முன்னால்தான் இழுத்திருப்பாள். மாமனாருக்குக் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள்.

அங்கே ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டாள்.

"மாமா, அது நீங்களா?"

அவர் வண்டி ஓட்டுகிறவனின் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆயுசு பூரா மிதிச்ச காலும்மா. சும்மா வச்சிருந்தா குடையுது. சும்மா மிதிச்சுப் பாக்கலாம்னுதான் உக்காந்தேன். மிதிச்சா நூலெல்லாம் மேலயும் கீழயும் பிரியுது. பிரிஞ்சா அந்தப் படகு மாதிரி இருக்கறதைக் கை தானா தள்ளுது. ரெண்டு நாள்ல விட்டிருக்கலாம். விட முடியல."

"ஏன் சொல்லல?"

"பிரிச்சு எடுத்துடலாம்னு பாத்தேன். இழுத்தா அறுந்துச்சு. நீ வந்து பாத்துட்டுத் திட்டுவேன்னு காத்துட்டு இருந்தேன். நீ ஒண்ணும் சொல்லாம மேல நெய்ய ஆரம்பிச்சுட்ட. நீ தெரிஞ்சும் பெரிய மனசு பண்ணி விட்டுட்டேன்னு நினைச்சுக்கிட்டேன்."

இரண்டு நிறுத்தம் தாண்டியது. அவர் தயங்கித் தயங்கி அடுத்ததைக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு தறியை எடுத்துட்டுப் போனது இதுனாலயா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை.

மறுநாள் பொறுப்பாளரம்மாவிடம் போய், நடுப்பட்டையைத் தன் மாமனார் நெய்தார், அவருடைய பெயரையும் போட வேண்டும் என்று சொன்னாள். அந்தம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநரா, அதுவும் யாருக்கும் தெரியாமலா என்று இரண்டு முறை கேட்டார். பேசப்படுவதற்காக இப்படி ஒரு கதை எதற்கு, வேலையே நன்றாகத்தானே இருக்கிறது என்று தோளைத் தட்டி அனுப்பிவிட்டார். தன் மேல் சந்தேகம் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அந்த வாசற்படியில் இறங்கும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மாமனாரோ, பேரெல்லாம் வேண்டாம், போட்டால் இன்னொன்று நெய்து காட்டச் சொல்வார்கள் என்று முந்தின இரவே பயந்திருந்தார்.

கூடத்திலிருந்து நேராகக் கண்ணாடியின் வீட்டுக்குப் போனாள். கண்ணாடி கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மாமனார் மாட்டிக்கொண்ட இடத்தில் கண்ணாடிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"நீ கேட்டது தப்பில்ல," என்றாள். "எனக்குன்னா நானும் கேட்டிருப்பேன். ஆனா இல்லன்னு சொன்னேன் பாரு, அப்புறமும் நீ நம்பல. அதுதான் போகமாட்டேங்குது."

ஷெட்டில் இருந்த பாதி இடம் காலியாகவே கிடந்தது. மாமனார் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. அவளாகத்தான் ஒருநாள் மீந்த நூலைப் போட்டு, வேண்டுமானால் மிதியுங்கள் என்று கூப்பிட்டாள். அவர் உட்கார்ந்தார். அவர் நெய்யும்போது அவள் பின்னால் நின்று பார்த்தபடியே இருந்தாள். அவருக்குக் கூச்சமாகிவிட்டது, எழுந்துவிட்டார்.

அடுத்த வருஷக் கண்காட்சியில் கண்ணாடியின் துணி இருந்தது. செங்கல் நிறத்தில், அகலமாக, ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு. அவள் போனாள். முதலில் அழகைத்தான் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தன் கண் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டு இறங்குவதையும், அடி மாறுகிறதா என்று வரிசை வரிசையாகத் தேடுவதையும் உணர்ந்தாள். திரும்பியபோது கண்ணாடி சற்றுத் தள்ளி நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதைத் தேடினாள் என்பது கண்ணாடிக்குப் புரிந்துவிட்டது.

"எல்லாம் நான்தான் நெய்தேன்," என்றாள் கண்ணாடி. "எங்க வீட்டுல யாரை வேணும்னாலும் கேட்டுக்கலாம்."

அதில் கோபம் இருந்ததா, கேலி இருந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் துணியவில்லை. ரொம்ப நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். இருவரும் துணியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.