சோபா போட்ட அறை

"டோக்கன் எடுத்துட்டு வாங்கம்மா," என்றான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன்.

"எதுக்கு டோக்கன்? எங்கம்மா செத்துப் போயாச்சு. பில்லு பத்தித்தான் கேக்கறேன்."

"பில்லுக்கும் டோக்கன்தாங்க."

எடுத்தாள். பஸ் நிலையத்தில் முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, பல வருஷமாக மற்றவர்களை வரிசையில் நிறுத்துகிறவள் அவள். உள்ளே இருப்பவன் எப்போது எரிச்சல்படுகிறான், எப்போது எரிச்சல்படுவதுபோல் காட்டிக்கொள்கிறான் என்று அவளுக்குத் தெரியும். இவன் இரண்டுமில்லை. சாப்பாட்டு நேரம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா கீழ்த்தளத்தில் குளிர்பெட்டிக்குள் இருந்தாள். பணம் கட்டினால் ஒரு சீட்டு தருவார்கள். சீட்டைக் காட்டினால் அம்மாவைத் தருவார்கள்.

அவளுடைய அண்ணன் தூணோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். டைல்ஸ் கடை மேனேஜர். இன்றைக்கும் சட்டையை உள்ளே விட்டுத்தான் வந்திருந்தான். "ஆமா, காலையில... தூக்கத்துலயே போயிட்டாங்க. கஷ்டப்படவே இல்ல."

தூக்கத்தில் என்று இவனிடம் யார் சொன்னது? காய்ச்சல் பார்க்க வந்த நர்ஸ்தான் முதலில் பார்த்தாள். அவளுக்கே எப்போது போனது என்று தெரியாது. டோக்கனோடு நிற்கும் இந்தத் தங்கை அப்போது மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தாள். அறையின் அழைப்பு மணி கட்டிலுக்குப் பின்னால், சுவரில், படுத்திருப்பவர் கை எட்டாத இடத்தில் இருந்தது.

முறை வந்ததும் அவளை 'நோயாளி உதவி மையம்' என்று எழுதியிருந்த மேஜைக்கு அனுப்பினார்கள். அங்கே கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பில்லைத் தங்கை பக்கம் திருப்பி வைத்தாள்.

"சேர்க்கும்போது சொன்னது இதுல பாதிதானே? இன்ஷூரன்ஸ் போக நாங்க கட்டறது கொஞ்சம்தான்னு சொன்னீங்களே."

"அது வார்டு கணக்கும்மா. நீங்க நடுவுல தனி ரூமுக்கு மாத்திட்டீங்க."

"சரி, ரூம் வாடகை கூட வரும். ஆபரேஷன் எப்படி கூட வரும்?"

"ரூமை வச்சுத்தாங்க எல்லா ரேட்டும். ஆபரேஷன், மயக்க டாக்டர், தினம் வந்து பார்க்கற டாக்டர், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஏறும். மாத்திரை மட்டும் ஏறாது."

"டாக்டர் அதே டாக்டர்தானே?"

"ஆமா."

"தியேட்டரு?"

"இங்க இருக்கறதே ஒண்ணுதான்."

"கத்தி?"

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள். "அதே கத்திதாங்க."

இன்னும் இருந்தது. அம்மா சமைத்துக்கொண்டிருந்த ஆலை கேன்டீனில் எடுத்துக் கொடுத்த இன்ஷூரன்ஸில் அறை வாடகைக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் கூடுதல் வாடகையை மட்டும் கழிப்பதில்லை. வாடகை எத்தனை மடங்கு தாண்டியதோ, அந்த விகிதத்தில் ஆபரேஷன் முதல் எல்லாவற்றிலும் வெட்டிவிடுவார்கள். ஏறியதும் இவர்கள் தலையில், வெட்டியதும் இவர்கள் தலையில்.

"இதை ரூம் மாத்தறப்பவே சொல்றதுக்கென்ன?"

"கேட்டா சொல்லுவோம்மா."

"இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கேக்க முடியும்?"

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் போனை வைத்துவிட்டு வேகமாக வந்தான். "மெதுவாப் பேசு. எல்லாரும் பார்க்கறாங்க."

அன்றைக்கும் அவன் கவலை அதுதான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டுக்கு வந்தவன், அம்மா பக்கத்துக் கட்டில்காரியின் கட்டிலில் உட்கார்ந்து அவளுக்குத் தலைவாரி விடுவதைப் பார்த்தான். வெங்காய மண்டியில் மூட்டை தைக்கிறவள் அந்தப் பக்கத்துக் கட்டில்காரி. அவள் குரல் மாடிப்படி வரைக்கும் கேட்கும். யாருடைய குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்தாலும் நர்ஸுக்கு முன்னால் அவள்தான் கத்துவாள். மூன்றாம் கட்டில்காரியின் புருஷன் எட்டிப் பார்ப்பானா மாட்டானா என்று அம்மாவும் அவளும் பந்தயம் கட்டியிருந்தார்கள்.

"இப்படி சந்தைக்கடை மாதிரி இடத்துல எங்கம்மா கிடக்கணுமா? நாலு பேரு வந்து பார்ப்பாங்க," என்றான்.

"எனக்கு இங்கதாண்டா பொழுது போகுது," என்றாள் அம்மா.

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

அம்மாவுக்காக அவன் செய்ய முன்வந்த முதல் செலவு. அதை ஏன் தடுக்க வேண்டும் என்று தங்கை நினைத்தாள். அவன் கையெழுத்துப் போட்டான், கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேல்மாடி அறையில் டி.வி. இருந்தது, பார்க்க வருகிறவர்களுக்காகப் புது சோபா இருந்தது. அவனுடைய கடை முதலாளி ஒரு தடவை வந்து, நின்றபடியே விசாரித்துவிட்டுப் போனார். சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

"ஒவ்வொண்ணா எழுதின பில்லு குடுங்க," என்றாள் தங்கை.

"அதுக்கு நேரமாகும்மா."

"ஆகட்டும். நீங்க பொட்டியில வச்சிருக்கீங்க, எங்கம்மா எங்கயும் ஓடிடாது."

வந்தது. வேலைப் பழக்கத்தில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"உணவு ஆலோசனைன்னு தினமும் போட்டிருக்கு. ஆபரேஷனுக்கப்புறம் எங்கம்மா வாயில ஒரு சொட்டுத் தண்ணி படல. என்ன ஆலோசனை சொன்னீங்க? பட்டினி கிடன்னா?"

அந்தப் பெண் அந்த வரியைப் பென்சிலால் அடித்தாள்.

"இன்னைக்கு முழுநாள் வாடகை எதுக்கு? காலையிலயே கீழ கொண்டு போயிட்டீங்க."

அதையும் அடித்தாள்.

"நான் கேக்கலைன்னா?"

பென்சில் நின்றது.

"போதும் விடு," என்றான் அண்ணன். "இதுல போய்க் கணக்குப் பார்த்துக்கிட்டு. அம்மாவை முதல்ல வெளிய எடுப்போம். மிச்சத்தை ஆளுக்குப் பாதியா போட்டுக்கலாம்."

அவனைப் பார்த்தாள். அவளுடைய பாதி என்பது, அம்மாவும் அவளும் அடுத்த மாசம் போவதாக இருந்த வாடகை வீட்டுக்கு அவள் சேர்த்து வைத்திருந்த முன்பணம். அது அவனுக்குத் தெரியும். அந்த வீடு இனி எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே அடித்திருப்பாள்.

கார்டை நீட்டினாள். மெஷின் கிர்ரென்று காகிதம் துப்பியது. சீட்டு கைக்கு வந்தது.

கீழ்த்தளத்துக்குப் போகும் வழியில், மேல்மாடிக்குப் போகும் லிஃப்ட் வாசலில் சத்தம். குளுக்கோஸ் கம்பியை ஒரு கையால் உருட்டியபடி வெங்காய மண்டிக்காரி காவலாளியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"தினமும்தான் வரேன், தினமும்தான் திருப்பி அனுப்பறே. உன் லிஃப்டை நான் என்ன கையோட கழட்டிட்டா போயிடுவேன்?"

"வார்டு ஆளுங்களை மேல விடக்கூடாதுன்னு உத்தரவும்மா. நான் என்ன பண்றது?"

தங்கையைப் பார்த்ததும் மண்டிக்காரியின் முகம் மலர்ந்தது. "அட, நல்ல வேளை நீ வந்தே. இந்தா, அக்காவோட சீப்பு. அன்னைக்கு அவசரத்துல என் தலகாணிக்கடியிலயே தங்கிடுச்சு. அங்க தலைவார என்ன பண்றாங்களோ. அப்புறம் மறக்காம சொல்லு, மூணாம் பெட்டுக்காரி புருஷன் வந்துட்டான். ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டு வந்தான். பந்தயத்துல அக்காதான் ஜெயிச்சுச்சு."

தங்கை சீப்பை வாங்கிக்கொண்டாள். சீட்டு வைத்திருந்த கையைச் சேலைக்குள் மறைத்தாள்.

"சொல்றேங்க்கா."

"சீக்கிரம் எறங்கி வரச் சொல்லு. வார்டே தூங்கி வழியுது."

கம்பியை உருட்டிக்கொண்டு அவள் திரும்பி நடந்தாள். சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே போனது.

அண்ணன் பக்கத்தில் வந்தான். "யாரு அந்தம்மா?"

"அம்மாவைப் பார்க்க வந்தவங்க."

கீழ்த்தளத்தில் ஊழியர் சீட்டை வாங்கி, திருப்பிப் பார்த்து, கதவைத் திறக்கப் போனார். அவள் சுவரோரம் நின்றாள். சீப்பின் பற்களில் ஒரு நரைமுடியும் நீளமான ஒரு கறுப்பு முடியும் ஒன்றாகச் சிக்கியிருந்தன. அவற்றை எடுக்காமல், சீப்பை அப்படியே கையில் வைத்துக்கொண்டாள்.