வீட்டுப்பாடம் தயாரிக்கும் முறை

கையெழுத்துப் புத்தகத்தின் முதல் பக்கத்தை நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் கலியாணசுந்தரம் கையை ஓங்கினார். வாத்தியார் அல்லவா, எதையும் வரிசைப்படி செய்கிறவர்.

"யாருடி ஒனக்கு இந்தத் தைரியத்தக் குடுத்தது? 'எழுதியவர் சிவகாமசுந்தரி'யாம்! அப்ப நான் யாரு? ஒனக்கு மை கரைச்சுக் குடுக்குற ஆளா?"

இரும்பு விளிம்பு வைத்த அடிக்கோல் மனைவி சிவகாமியின் தோளில் இறங்கியது. அடுத்தது காதோரம். மூன்றாவது அடியைத் தடுக்க இடது கையைத் தூக்கினாள். அவர் அந்தக் கையைப் பிடித்து முறுக்கி, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சட்டியின் விளிம்பில் வைத்து அழுத்தினார். சிவகாமி அலறினாள். ஏழு வயது மகள் கோகிலா மேசைக்கு அடியில் புகுந்து காதைப் பொத்திக்கொண்டாள். அது அவளுக்குப் பழகிப்போன இடம்.

பலகைச் சுவருக்கு அப்பால், தமிழை மறந்துபோன மலாக்காச் செட்டிக் குடும்பத்து அம்மாள் ஒருத்தி, "சபார், சபார்லா" என்று மலாயில் முணுமுணுத்தாள். பொறுத்துக்கொள் என்று அர்த்தம். கோயிலில் பார்க்கிற பெண்கள் அதையே தமிழில் சொல்வார்கள். மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் எந்த மொழியில் சொன்னாலும் அதை அடி வாங்குகிறவளிடம்தான் சொன்னார்கள். அடிக்கிற வாத்தியாரிடம் போய்ச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. நாடு மெர்டேக்கா என்று சுதந்திரம் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தத் தெருவில் கொடி கட்டாத வீடு கிடையாது.

ஊரில் பெண்கல்வியைப் பற்றி மேடையில் பேச வேண்டுமென்றால் கலியாணசுந்தரத்தை விட்டால் ஆளில்லை. அந்தப் பேச்சுக்குத்தான் ஆசிரியர் சங்கம் அவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளில் அச்சு யந்திரம் ஏது? ஆசிரியர்கள் தாங்களே வீட்டுப்பாடத் தாள் எழுதி, ஜெல்லித் தட்டில் நகல் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். நகல் மையில் எழுதிய தாளை ஜெல்லிமேல் கவிழ்த்தால் எழுத்து அதில் இறங்கும்; பிறகு வெள்ளைத் தாளை அழுத்தி அழுத்தி நகல் எடுக்கலாம். அதற்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் வேண்டும். வாத்தியார் மூன்று முறை ஜெலட்டின் காய்ச்சினார். மூன்று முறையும் கூழாகப் போயிற்று. அது மாட்டு எலும்பில் செய்வது என்று யாரோ சொல்ல, சுத்த சைவரான அவர் தட்டையும் தூக்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டு, "நீயே பாத்துக்கோ" என்று சாய்வு நாற்காலிக்குப் போய்விட்டார்.

சிவகாமி பசாரில் அகார்-அகார் வாங்கி வந்தாள். எல்லோரும் பலகாரம் செய்கிற அதே கடற்பாசிதான். கிளிசரின் கலந்து காய்ச்சி, பிஸ்கட் டின் மூடியில் ஊற்றி உறைய வைத்தாள். ஒரு நாள் வெடித்தது, ஒரு நாள் ஒட்டியது, ஒரு நாள் எழுத்தெல்லாம் கலங்கியது. கெட்ட இடத்தையெல்லாம் அன்றன்றைக்கே எழுதி வைத்தாள். அவள் புத்தகம் இப்படித்தான் இருந்தது: 'தட்டில் ஈரம் மினுங்கினால் பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுக்கவும். மறந்தால் எழுத்து ஊறிவிடும். எனக்கு இரண்டு முறை ஊறியது.' செய்து பார்த்துத் தோற்றவளால்தான் அப்படி எழுத முடியும். நான்கு மாதம் அவள் கையும் முகமும் ஊதாவாகவே இருந்தன. நகல் மையின் கறையும் அடிபட்ட கன்றலும் ஒரே நிறம் என்பதால், கேட்டவர்களுக்கெல்லாம் "மை பட்டுடுச்சு" என்று சொல்லித் தப்பித்தாள்.

கேட்டும் நம்பாதவள் ஒருத்திதான். உஜோங் பாசிரிலிருந்து வந்து வேலை பார்க்கும் சந்திரமதி டீச்சர்.

"பொய் சொல்லாத சிவகாமி. புக்குல ஒம் பேரப் போடு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு டெம்பரரி டீச்சர் தேடுறாங்க. புக்கக் காட்டினா பள்ளிக்கூடத்து அதிகாரி சேதுராமன் சார் ஒன்னய வேலைக்கு எழுதிக் குடுத்துருவாரு. டீச்சருக்கு அங்க தனி வீடு இருக்கு. பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிரலாம்."

தனி வீடு. அந்தச் சொல்லுக்காகத்தான் சிவகாமி முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். ஒன்பது வருஷத்தில் அவள் தனக்கென்று செய்த ஒரே காரியம் அது.

"இன்னிக்கிச் சங்கக் கூட்டத்துல புக்கக் காட்டணும். பன்னெண்டு மணிக்குள்ள வேற பக்கம் எழுதி வை. எம் பேரு பெருசா இருக்கணும்," என்று சொல்லிவிட்டு வாத்தியார் குளிக்கப் போனார். வெந்த கையில் தேங்காயெண்ணெய் தடவித் துணியைச் சுற்றிக்கொண்டு, வலது கையால் அவள் எழுதினாள். கண்ணீர் விழுந்து கெட்டுப்போன பக்கத்தை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் எழுதினாள்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பள்ளி மண்டபத்தில் நாற்பது ஆசிரியர்கள் கூடினார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரி சேதுராமன் நடுவில் உட்கார்ந்திருந்தார். சிவகாமி தேத்தண்ணி ஊற்றிக்கொடுக்க வந்திருந்தாள். கோகிலா அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாத்தியார் அரை மணி நேரம் பேசினார். கைதட்டினார்கள். பிறகு செய்து காட்டச் சொன்னார்கள். வந்தது வினை. தன் பெயரில் வரப்போகிற புத்தகத்தை அவர் ஒரு தரம்கூடப் படித்திருக்கவில்லை. ஈரத்தை ஒற்றாமல் தாளை அழுத்தினார். எடுத்துப் பார்த்தால் தட்டு முழுக்க ஊதாச் சேறு. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் காது சிவந்தது. அந்தச் சிவப்புக்கு வீட்டில் என்ன விலை என்று சிவகாமிக்குத் தெரியும்.

"சிவகாமி! இங்க வா. தட்டச் சரியாப் போடத் தெரியல ஒனக்கு."

அவள் இன்னொரு தட்டை எடுத்து வந்து, ஈரத்தை ஒற்றினாள். ஒற்றைக் கையால் அவள் செய்த பாங்கைப் பார்த்துச் சேதுராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மாவுக்கு நல்லா வருதே! கலியாணசுந்தரம், புக்குல இவங்க பேரையும் சேத்துப் போட்டா என்ன?"

"அவளுக்கு அதெல்லாம் புடிக்காது சார்," என்றார் வாத்தியார்.

சேதுராமன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அவளைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவுதான், தனி வீடு போயிற்று. சிவகாமிக்கு வயிறு எரிந்தது. சட்டியில் வைத்து அழுத்தியபோதுகூட இப்படி எரியவில்லை.

"ஒரு கணக்கு எழுதுங்கம்மா," என்றார் சேதுராமன். "கடைக் கணக்கு, பசார் கணக்கெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு. பிள்ளைங்க வீட்டுல தினம் பாக்குறத வச்சு எழுதுங்க."

வாத்தியார் கூட்டத்தின் பக்கம் திரும்பி, வீட்டுப்பாடத்தின் மேன்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சிவகாமி குனிந்து நகல் மையில் எழுதினாள். எந்த வீட்டுப்பாடத் தாளிலும் மேலே 'பெயர்' என்று ஓர் இடம் இருக்கும், பிள்ளை எழுதிக்கொள்வதற்கு. அவள் அந்த இடத்தைக் காலியாக விடவில்லை. 'சிவகாமசுந்தரி' என்று முழுசாக எழுதினாள். பிறகு கணக்கை எழுதித் தாளைத் தட்டில் கவிழ்த்தாள்.

மூன்று நிமிடம் வைத்திருக்க வேண்டும். அந்த மூன்று நிமிடத்தில் தாளை உரித்துக் கசக்கிவிடலாம், கை தவறிவிட்டது என்று சொல்லிவிடலாம். அவள் உரிக்கவில்லை. நேரம் ஆனதும் தாளை எடுத்தாள். தட்டில் எழுத்துகள் இடம் வலமாகப் பதிந்திருந்ததால் பக்கத்தில் நின்ற வாத்தியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பாருங்க, எவ்வளவு சுத்தம்!" என்று பூரித்துப் போனார். அவள் ஒவ்வொரு வெள்ளைத் தாளாக அழுத்தி எடுக்க எடுக்க, அவரே வாங்கி வாங்கி, பேச்சை நிறுத்தாமல், வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனார்.

பாதி மண்டபம் தாண்டியபோதுதான் யாரும் தம்மைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

'பெயர்: சிவகாமசுந்தரி. ஒரு வாத்தியார் தம் மனைவியை வாரத்துக்கு மூன்று நாள் அடிக்கிறார். ஒரு நாளைக்கு நான்கு அடி. கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம். மொத்தம் எத்தனை அடி?'

"தட்டுவாணி!" என்று கத்திக்கொண்டு மேசையை நோக்கிப் பாய்ந்தார். நாற்பது பேர் முன்னால் அவள் கன்னத்தில் அறை விழுந்தது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே விழாமல் நின்றாள். இரண்டு பேர் அவரைப் பிடித்து இழுத்தார்கள். சந்திரமதி ஓடி வந்து கோகிலாவைத் தூக்கிக்கொண்டாள்.

சேதுராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறைந்தவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "என்னம்மா இது? சந்திரமதி டீச்சர் சொன்னாங்கன்னு ஒங்கள வேலைக்கு எழுதலாம்னுதான் இருந்தேன். வீட்டு விசயத்த இப்பிடி வெளிய விடுற பொம்பளைய நம்பி எப்பிடிப் பிள்ளைங்கள விடுறது?"

அப்போது மூன்றாம் வரிசையில் சுப்பையன் என்கிற கணக்கு வாத்தியார், தாளின் ஓரத்தில் பென்சிலால் பெருக்கிக்கொண்டே இருந்தவர், தலையைத் தூக்காமல், இருபது வருஷப் பழக்கத்தில் உரக்கவே சொல்லிவிட்டார்:

"ஐயாயிரத்து அறுநூத்துப் பதினாறு."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"விடை சரிங்க சார்," என்றாள் சிவகாமி. உதட்டிலிருந்து வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். அடுத்த வெள்ளைத் தாளை எடுத்துத் தட்டில் பரப்பி, கன்றிப்போன கன்னத்தோடு மண்டபத்தைப் பார்த்தாள். "இன்னும் யாருக்குத் தாள் வேணும்?"

ஆண்கள் பக்கம் அசைவில்லை. கடைசி வரிசையில், கண்ணாடி வளையலுக்கு மேலே ஊதாக் கன்றல் தெரிய ஒரு கை மெல்ல உயர்ந்தது. அந்த டீச்சரின் மடியில் ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது.