இடது கைச் சூப்

'கை' என்ற சொல்லைத் தொடாமல் தமிழில் நாலு வாக்கியம் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பது, சூப்பக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றுதான் அவள் வீட்டு மனிதர்களுக்குத் தெரிந்தது. பக்கவாதம் வந்து வலது கையை வாங்கிக்கொண்டு போயிருந்தது. தோளிலிருந்து சும்மா தொங்கியது கை. காலுக்கு ஒன்றுமில்லை. வாய்க்கு நிச்சயமாக ஒன்றுமில்லை.

நாத்தனார் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, "என்ன அண்ணி செய்யிறது, எல்லாம் நம்ம கைமீறி..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் தேற்ற வந்தார். "நீ கவலைப்படாதே, நான் உன்னைக் கைவி..." என்று பாதியில் திடுக்கிட்டு, "நான் உன்னை விடமாட்டேன்" என்று முடித்தார். ஆறுதல் மிரட்டலாகிவிட்டது. சூப்பக்கா ஒருவரையும் மன்னிக்கவில்லை. பாவம் பார்த்து விழுங்கிய ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பஸ் டிப்போவுக்கு எதிரே ஆறு மேஜை போட்ட கடை அவர்களுடையது. காய்கறி சூப்பும் சுட்ட ரொட்டியும்தான் அங்கே கிடைக்கும். இருபத்திரண்டு வருடமாக அடுப்பு அவளுடையது, முன்பக்கம் அவருடையது. சூப்பக்கா என்ற பெயரை டிரைவர்கள் வைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கூப்பிட இப்போது யாருமில்லை. ஆறு மாதம் கடை பூட்டியே கிடந்தது.

"சமைக்க ஒரு ஆள் போட்டுத் திறந்திடலாம். நீ முன்னாடி உட்காந்து வர்றவங்கள விசாரிச்சாப் போதும்" என்றார் வீட்டுக்காரர்.

"அப்ப அடுப்பு?"

"அடுப்புல நீ எப்படிம்மா... ரெண்டு இருக்கறவங்களுக்கே முடியல."

"ரெண்டு என்ன ரெண்டு? கைன்னு சொல்லுங்களேன், வாய் வெந்துடாது. அடுப்பை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். ஒரு கை பாத்துடறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாளே சமையல் கருவிகள் விற்கும் கடைக்குப் போனாள். அந்தக் கடையை அவள் வாழ்நாளெல்லாம் கிண்டல் செய்தவள். பூண்டு உரிக்க ஒரு குழாய், முட்டையை வட்டமாக வெட்ட ஒரு கம்பி வீணை, அன்னாசிக்கென்று தனியாக ஒரு திருகாணி. சோம்பேறிகளின் பொம்மைக் கடை என்பாள். இப்போது அதே பொம்மைகளில் எது தனக்கு உதவும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

கடைக்காரர் உற்சாகமாக ஒரு டப்பாவை நீட்டினார். கயிற்றை இழுத்தால் உள்ளே கத்தி சுழன்று வெங்காயம் பொடிப்பொடியாகிவிடும். அட்டையில் கொட்டை எழுத்தில் 'ஒரே கையால் இயக்கலாம்' என்று இருந்தது.

"எங்க, செஞ்சு காட்டுங்க."

அவர் ஒரு கையால் கயிற்றை இழுத்தார், மற்றதால் டப்பாவை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கை எதுக்கு வந்துச்சு?"

"சும்மா, புடிச்சுக்க."

"சும்மா வந்த கையை பாக்கெட்ல விட்டுட்டு இழுங்க பாப்போம்."

இழுத்தார். டப்பா கயிற்றோடு எழும்பி வந்து அவர் வயிற்றில் முட்டியது. வரிசையாக எல்லாவற்றையும் அப்படியே செய்யச் சொன்னாள். தோல் சீவும் கருவிக்கு முன்னால் உருளைக்கிழங்கு உருண்டு ஓடியது, மூடி திருகுகிற கருவியோடு பாட்டிலும் சேர்ந்து சுற்றியது. இதையெல்லாம் செய்தவன் எவனுக்கும் ஒரு கை போயிருக்காது என்று சூப்பக்காவுக்குப் புரிந்துவிட்டது. கடைக்காரருக்கோ ரோஷம் வந்துவிட்டது. கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு அரைமணி நேரம் யோசித்தார். கடைசியில் ஒரு பலகையில் அடியிலிருந்து இரண்டு நீள ஆணிகளை அடித்து, முனை மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கொடுத்தார். உருளைக்கிழங்கை ஆணியில் குத்தினால் அசையாமல் நின்றது. டப்பாவின் அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பரை ஒட்டினார். மூடி திறக்கும் கவ்வியை அலமாரியின் கீழ்ப்பக்கத்தில் முடுக்கிக்கொள்ளச் சொன்னார்.

இருபது நாளில் இடது கை பழகியது. விரலில் ஏழு வெட்டு, ஒரு தீக்காயம், அவ்வளவுதான் செலவு. கடை திறந்தது. டிரைவர்களும் கண்டக்டர்களும் டிப்போ ஆபீஸ்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். "பிரமாதம் அக்கா" என்றார்கள். "அமிர்தம் அக்கா" என்றார்கள். ஒருவர் விடாமல் சொன்னார்கள். சொல்லிவிட்டுத் தண்ணீர் ஜாடியைக் காலி செய்தார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஆறு மேஜையில் மூன்றுதான் நிறைந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "திங்கக்கிழமைலேருந்து சமைக்க ஆள் வருது. பேசி முடிச்சுட்டேன்."

"எதுக்கு? நான் என்ன குறை வெச்சேன்?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல. உனக்கு ஓய்வு வேணும்."

குறை சொல்லிவிட்டு அடுப்பைப் பிடுங்கியிருந்தால் சண்டை போடலாம். குறையே இல்லை என்று சொல்லிப் பிடுங்குகிறவரோடு எங்கே சண்டை போடுவது? ஆணிப் பலகையில் கேரட்டை ஓங்கிக் குத்தினாள்.

அன்று மதியம் ஒரு பெண் தனியாக வந்து மூலை மேஜையில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் பதறிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். "பத்திரிகைல ஞாயித்துக்கிழமை எங்க சாப்பிடலாம்னு எழுதுவாளே, அந்தம்மா! போட்டோல இருக்கற மாதிரியே இருக்கா. உன்னைப் பத்தி எழுதினா கடை நிமிந்துடும். வா, வந்து ஆணிப் பலகையக் காட்டு."

சூப்பக்கா வெளியே வந்தாள். பலகை உள்ளேயே இருந்தது. அதற்குள் வீட்டுக்காரர் பக்கவாதம் தொடங்கி ரப்பர் வரைக்கும் ஒப்பித்துவிட்டிருந்தார். பத்திரிகைக்காரியின் கண் கலங்கியிருந்தது. நோட்டைத் திறந்துகொண்டாள்.

"எவ்வளவு பெரிய தன்னம்பிக்கை! உங்க கதைய எழுதலாமாம்மா?"

"கூடாது" என்றாள் சூப்பக்கா. "சூப் குடிச்சீங்க இல்ல? அதைப் பத்தி எழுதுங்க. எப்படி இருந்துச்சு?"

பத்திரிகைக்காரி கிண்ணத்தைப் பார்த்தாள். பாதிக்கு மேல் மீதி இருந்தது. "அது... நீங்க இந்த நிலைமையில..."

"நிலைமைய விடுங்க. பக்கத்துக் கடையில குடிச்சிருந்தா என்ன எழுதுவீங்க?"

அந்தப் பெண் நோட்டை மூடினாள். "உப்பு கரிக்குதும்மா. வாயில வைக்க முடியல."

கண்டக்டர் ஒருவர் தொண்டையைச் செருமினார். சூப்பக்கா அந்தக் கிண்ணத்திலேயே ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள். நாக்குக்குக் கரிப்பாகத் தெரியவில்லை. இரண்டு மாதமாகத் தன் சூப்பையே ருசி பார்த்துப் பார்த்து நாக்கு அதற்குப் பழகிப்போயிருந்தது. பிறகு இடது கை விரல்களைக் குவித்துப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் உப்பை அளந்தது வலது கை. அதன் பிடி வேறு, இதன் பிடி வேறு. இது கெட்டியாகப் பிடிக்கப் பழகிய கை. உப்பையும் கெட்டியாகத்தான் அள்ளியிருக்கிறது.

"ரெண்டு மாசமாவா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டாள்.

அவர் தலையாட்டினார்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

மூன்று மேஜைகளும் குனிந்துகொண்டன.

"ஆக, உப்பு ஜாஸ்தின்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல. அதுக்கு ஆளையே மாத்தப் பாத்தீங்க!"

"நீ மனசொடிஞ்சு போயிடுவன்னு..."

"ஒடிஞ்சுதா இப்ப? பாருங்க, நல்லாப் பாருங்க!"

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதோடு சந்தோஷமும் வந்ததுதான் வேடிக்கை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஒருத்தி அவளைச் சமையல்காரியாக நினைத்துப் பேசியிருந்தாள். உள்ளே போய்ப் புதிதாகச் சூப் வைத்தாள். உப்பைப் பாதிப் பிடி போட்டாள். முக்கால் மணி நேரம் ஒருவரும் எழுந்து போகவில்லை, போக விட்டிருக்கவும் மாட்டாள். எல்லோருக்கும் ஊற்றிவிட்டு நடுவில் நின்றாள்.

"இப்பச் சொல்லுங்க. பிரமாதம்னு எவனாவது சொன்னா நாளையிலேருந்து சூப் கிடையாது."

பத்திரிகைக்காரி குடித்துப் பார்த்து, "இப்ப கொஞ்சம் கம்மி" என்றாள்.

"கம்மிதான்" என்றார் கண்டக்டர் மெல்ல. "அக்கா, கேரட்டை இன்னும் சின்னதா வெட்டலாம்" என்றார் ஒரு டிரைவர். "மிளகு தொண்டையப் புடிக்குது" என்றார் இன்னொருவர். "போன வாரம் கிழங்கு வேகவே இல்ல" என்று வாசல் மேஜையிலிருந்து குரல் வந்தது. இரண்டு மாதமாக அடக்கி வைத்தது கொட்டியது. சூப்பக்கா ஒவ்வொருவருக்கும் சரிக்குச் சரி பதில் கொடுத்தாள், முகமெல்லாம் பூரிப்பாக.

"எல்லாத்தையும் எழுதுங்க" என்றாள் பத்திரிகைக்காரியிடம். "கைய மட்டும் எழுதாதீங்க."

வீட்டுக்காரர் போனை எடுத்துத் திங்கட்கிழமை ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "ரொட்டியும் கொஞ்சம் கருகுது" என்றார்.

"அது ரெண்டு கையும் நல்லா இருந்தப்பவே கருகிச்சு" என்றாள் சூப்பக்கா.