டேங்கிலிருந்து ஒரு டம்ளர்

தன் புருஷன் அழகாயிருக்கிறான் என்று மணிமேகலை ஆசையாய் எடுத்த வீடியோ அது. முதுகில் மருந்தடிக்கிற டேங்கோடு ஈஸ்வரன் கத்தரிச் செடிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தான். "ஏங்க, ஹீரோ மாதிரி இருக்கீங்க, செத்த திரும்புங்க" என்று பின்னாலிருந்து சீண்டினாள். வெட்கத்தோடு திரும்பிச் சிரித்தான். அதை அவள் போனில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட, எரியோடு ஊர்ச் சொந்தபந்தமெல்லாம் கேலி பேசி ஓய்ந்திருந்தது.

நேற்று சாயங்காலம் அதே சிரிப்பு டி.வி.யில் வந்தது. அவள் குரலை எடுத்துவிட்டு, பேய்ப் படத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு இசையைச் சேர்த்திருந்தார்கள். டேங்கைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே கொட்டை எழுத்தில், 'உங்கள் சாம்பாரில் விஷமா? சிரித்தபடி தெளிக்கும் விவசாயி.' அடுப்பிலிருந்த வெஞ்சனம் தீய்ந்த வாடைகூட மணிமேகலைக்கு உறைக்கவில்லை.

அவன் தெளித்தது புளித்த மோரும் தேங்காய்ப்பாலும் கலந்த கரைசல். பூ கொட்டாமல் பிஞ்சு பிடிப்பதற்காக. அதை ஒருவரும் அவனிடம் கேட்கவில்லை.

விடிந்ததும் சந்தைக்குப் போன மூட்டைகள் கட்டுப் பிரிக்காமல் திரும்பி வந்தன.

"என்ன சொன்னாரு கமிஷன் கடைக்காரரு?"

"காய் நல்லாத்தான் இருக்கு, உன் மூஞ்சிதான் சரியில்ல, ஒரு வாரம் கழிச்சு வான்னாரு." ஈஸ்வரன் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டான். "கத்தரிக்கா ஒரு வாரம் காத்திருக்குமா மேகலை?"

அவள் கண் கலங்குவதைப் பார்த்தவன், "ஹீரோன்னு சொல்லிச் சொல்லி வில்லனாக்கிட்டியேடி" என்றான். இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் அந்தச் சேனல் ஆளே கேமராவோடு வந்து நின்றான். பெயர் விக்னேஷ்குமாராம். "உங்க தரப்பையும் போடுறோம்ணே" என்றான் பணிவாக. வரப்பில் அக்கம்பக்கத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். ஈஸ்வரன் மோர்க் கரைசல் புளிக்க வைத்திருந்த பானையைத் திறந்து காட்டி, கரைசல் செய்கிற விதத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னான். விக்னேஷ்குமார் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினான்.

"இதெல்லாம் சொன்னா யாரு கேப்பா? குடிச்சுக் காட்டுங்க."

"அதுக்கென்ன" என்று ஈஸ்வரன் டம்ளரைப் பானைக்குள் விட்டான்.

"பானை வேணாம்ணே. ஜனங்க பார்த்தது டேங்கைத்தான். அதுல ஊத்தி, அதுலருந்து குடிச்சாத்தான் நம்புவாங்க."

மானம் போனவனுக்கு யோசனை ஏது? வேலியோரம் கிடந்த டேங்கைத் தூக்கி வைத்துப் பானையைக் கவிழ்த்தான். ஒரு குலுக்குக் குலுக்கி, அதன் குழாயைக் கழற்றி டம்ளரில் பிடித்தான். நிறைந்த டம்ளரோடு அவன் கேமரா பக்கம் திரும்பியபோது மணிமேகலை மேல் காற்று அடித்தது. மோர்ப் புளிப்பு இல்லை. மூக்கை அரிக்கிற நெடி.

அந்தப் பக்கத்தில் டேங்கை யாரும் கேட்டு வாங்குவதில்லை. வேலிக்கு மேலே கை நீட்டி எடுத்துப் போவார்கள், அடித்து முடித்து அலசிக் கொண்டுவந்து வைப்பார்கள். பக்கத்துத் தோட்டத்துக் காத்தமுத்து பருத்தி போட்டிருந்தான். அவள் கூட்டத்தில் அவனைத் தேடினாள். அவன் முகம் வெளிறிக் கிடந்தது.

"தங்கச்சி, நான் இன்னும் அலசல..."

அவன் முடிப்பதற்குள் அவள் பாய்ந்து டம்ளரைத் தட்டிவிட்டாள். வெள்ளையாய் அவள் முழங்கை வரை தெறித்தது.

"நீயுமா நம்பல?" ஈஸ்வரன் கேட்டான். அவ்வளவு மெதுவாக அவன் பேசி அவள் கேட்டதில்லை. காத்தமுத்து சொன்னது அவன் காதில் ஏறவேயில்லை. குனிந்து மறுபடியும் குழாயை எடுத்து, நேராக வாய்க்கே கொண்டுபோனான்.

மணிமேகலை அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அப்ப டேங்குல விஷம்னு ஒத்துக்கிறீங்களா?" கேமரா அவள் முகத்துக்கு வந்துவிட்டது.

இதில் எதை வெட்டி எதைப் போடுவார்கள் என்று அவளுக்கு நேற்றே தெரிந்துபோயிற்று. ஆனால் குழாய் அவன் உதட்டருகே இருந்தது.

"ஆமா, விஷந்தான்" என்றாள், புருஷன் கண்ணைப் பார்த்தபடி. "காத்தமுத்தண்ணே பருத்திக்கு அடிச்ச மருந்து உள்ள கெடக்கு. கீழ போடுங்க. சாமி சத்தியமா, கீழ போடுங்க."

அவன் குழாயை மோந்து பார்த்தான். குழாய் நழுவி மண்ணில் விழுந்தது.

சேனல் வண்டி எரியோட்டைத் தாண்டியிருக்காது, வரப்பில் நின்றவர்களின் போன்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. "மாப்ள, 'ஆமா, விஷந்தான், மனைவியே ஒப்புதல்'னு போட்டுட்டான்" என்றான் காத்தமுத்து அழுகிற குரலில். "என் பேரு வர்றதுக்கு முன்னாடியே வெட்டிட்டான்."

ஈஸ்வரன் நிமிரவில்லை. மோட்டார் தொட்டியடியில் உட்கார்ந்து, மணிமேகலையின் கையை மடியில் இழுத்து வைத்து, முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எரியுதா?" என்றான்.