வாடகை வீட்டில் ஒரு ரோஸ் மரம்

வாடகை வீட்டில் யாராவது மரம் வைப்பார்களா? என் புருஷன் மாயவன் வைத்தார். கல்வராயன் மலைக்கு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். கள்ளக்குறிச்சியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு வாசலில், அடுத்தவர் மண்ணில், ரோஸ் கலரில் கொத்துக்கொத்தாகப் பூக்கிற மரத்தை வளர்த்தார். நர்சரியில் டபேபுயா என்பார்கள். எங்களுக்கு அது ரோஸ் மரம்.

கல்யாணமான புதிதில் மலைமேல் கரியாலூரில் இருந்தோம். விடிகாலை முதல் பஸ்ஸை அங்கிருந்து எடுக்கவேண்டும் என்பதால் அங்கேயே ஓர் அறை. பஸ் நிற்கிற இடத்தில் இதே ஜாதி மரம் ஒன்று. மாசி பிறந்தால் ஓர் இலை இருக்காது, உச்சி வரைக்கும் பூதான். பஸ் கூரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும். இவர் கூட்டித் தள்ளமாட்டார். பூவோடயே மலை இறங்கி கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குள் போவார்.

"இன்னா டிரைவர், பஸ்ஸுக்குக் கல்யாணமா?" என்று கேலி பண்ணுவார்களாம்.

"இல்ல, எனக்குத்தான் ஆயிருக்கு" என்பாராம். சாயங்காலம் வந்து அதை என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அறையில் இருந்தது ஒரு பாய், ஒரு ஸ்டவ். அதற்கப்புறம் எவ்வளவோ சாமான் வாங்கிவிட்டோம், அந்தச் சந்தோஷம் மட்டும் திரும்பி வரவில்லை.

வேலையின் கடைசி டிரிப்பில் அந்த மரத்தின் காயைப் பொறுக்கி வந்தார். நீளக் காய், உள்ளே இறக்கை வைத்த மெல்லிய விதைகள். பால் கவரில் மண் போட்டு முளைக்கவைத்தார். "வாசல்லயே உனக்குப் பூ காட்டுறன் பாரு, தங்கமணி" என்றார்.

எங்கே காட்டினார்? காலையில் ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம், நடுவில் அரிசி கழுவின தண்ணீர், போதாததற்குச் சாணம். சில வருஷத்தில் மரம் வீட்டை விட உயர்ந்து இலையாய்த் தழைத்தது. பூ மட்டும் இல்லை.

"மரம் வளக்குறீங்களா, மாட்டுக்குத் தழை வளக்குறீங்களா?" என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே அடுத்த குடத்தைத் தூக்குவார்.

போன கார்த்திகையில் வீட்டு ஓனர் கந்தசாமி வந்தார். "கார் ஷெட் போடணுங்க. பூவும் இல்ல, காயும் இல்ல. வெட்டிடலாம்."

இவர் கையெடுத்துக் கும்பிட்டார். "பங்குனி முடியற வரைக்கும் வுடுங்க. இந்த வருசம் பூத்துடும்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மரத்துக்காகவா கும்பிடுவார்கள்? ஓனர் மனமிரங்கிச் சரி என்றார்.

மாசி பிறந்ததும் பழைய கண்டக்டர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கரியாலூர் போனோம். அந்த மரம் இன்னும் இருந்தது. சுற்றிலும் காய்ந்த புல், சரளைக் கல். அதில் நின்றுகொண்டு, கண் கொள்ளாத பூ.

"இதுக்கு யாருங்க தண்ணி ஊத்துறா?" என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்டதுதான். இவர் முகம் செத்துப்போய்விட்டது.

திரும்பும் பஸ் கச்சிராயபாளையம் தாண்டியது. அப்புறம் மெல்லக் கேட்டார். "அப்போ நான்தான் அத்தப் பூக்கவுடாம வெச்சிருந்தனா?"

"காயவுட்டுத்தான் பாப்பமே" என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்றோடு தண்ணீர் நின்றது. இலை பழுத்தது, கொட்டியது. எனக்கு வாரி மாளவில்லை. "அதுக்குத் தாகமா இருக்காதா?" என்று புலம்பிக்கினு வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பார். பாவமாக இருந்தது. ஆனாலும் குடத்தைக் கொண்டுபோய்ப் பரண்மேல் போட்டேன். மாசி முடியும்போது மரம் மொட்டையாய் நின்றது.

ஒருநாள் ரேஷன் கடையிலிருந்து திரும்பினால், தெரு முனையிலேயே மெஷின் ரம்பத்தின் சத்தம். ஓடி வந்தேன். மரம் தரையில் கிடந்தது. பக்கத்தில் ஓனர், கையைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர்.

"பங்குனி முடியற வரைக்கும்னு சொன்னீங்களே!" என்று அரிசிப் பையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன்.

"பட்டுப்போன மரத்துக்கு எதுக்கும்மா சண்டை?" என்றார் ஓனர். "ஒரு இலை இல்ல. கிளை முறிஞ்சு யார் தலையிலயாவது வுழுந்தா? உங்க வூட்டுக்காரரக் கேட்டன், சரின்னாரு."

நான் இவர் பக்கம் திரும்பினேன். "வாயில இன்னா, கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? பட்டுப்போவல, பூக்கத்தான் இலை கொட்டிச்சுன்னு சொல்றதுக்கு இன்னா?"

"அவுரு மண்ணு, தங்கமணி. நாம இன்னா சொல்றது?"

சொல்லிவிட்டுக் குனிந்தார். கிடந்த கிளை ஒன்றைத் தூக்கி நுனியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் முகத்துக்கு நேராக நீட்டினார். நுனி நிறைய மொட்டு. ஒன்றிரண்டு வாய் பிளந்து உள்ளே ரோஸ் தெரிந்தது.

"பாத்தியா? ரெண்டு நாள்ல பூத்திருக்கும்" என்றார். அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, முதல் பஸ் ஓட்டிய காலத்துச் சிரிப்பு.

நான் தெரு என்றும் பார்க்காமல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.