அப்பா வளர்ந்த தட்டு

எங்கள் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் அலமாரிக்கு எந்நேரமும் மனித உடம்பின் சூடு. கதவைத் திறந்தால் யாரோ முகத்தருகே மூச்சு விடுவது போலிருக்கும். அதன் கீழ் அடுக்கில், ஒரு மூலையில், என் அப்பா இருந்தார்.

சிரிக்காதீர்கள். அப்பா பேருந்து ஓட்டுநர். ஒருநாள் நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். விளையாட்டாக அவர் கையைப் பிடித்து, கட்டைவிரலைக் கிருமி வளர்க்கும் தட்டிலிருந்த கூழின்மேல் அழுத்தி எடுத்தேன். குட்டையான, சுத்தியலால் தட்டினாற்போன்ற கட்டைவிரல். எனக்கும் அதே விரல்தான். கோபமும் அதே கோபம்தான் என்பாள் அம்மா. மறுநாள் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளைப் பொட்டுகள். எல்லார் தோலிலும் குடியிருக்கிற சாதுவான கிருமிகள்தான். போட்டோவைக் காட்டினேன்.

"என் கையில இத்தனை பேரா? ஒருத்தனாவது டிக்கெட் எடுத்தானா?" என்றார்.

கொஞ்ச நாளில் தூக்கத்திலேயே போய்விட்டார். தட்டு மட்டும் இருந்தது. அதைத் தூக்கிப்போட எனக்குக் கை வரவில்லை. கூழ் காய்வதற்குள் அந்தப் பொட்டுகளைக் கம்பியால் தொட்டு, புதுத் தட்டில் கோடு இழுப்பேன்; அந்தக் கோட்டில் அவை மறுபடி வளரும். பழையதைக் கொதிநீராவியில் அழித்துவிடுவேன். கிருமிகளை வருடக்கணக்கில் சேமித்து வைக்கும் உறைபெட்டிக்குள் சொந்தச் சமாச்சாரம் எதுவும் போகக் கூடாது என்பது எங்கள் தலைவியின் கட்டளை. ஆகவே எப்போதும் ஒரே ஒரு தட்டு. அக்கா ஃபோன் பண்ணும்போதெல்லாம் எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் கேட்பாள்: "அப்பா எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு."

அப்போதுதான் புதினா எண்ணெய் வந்தது. கிருமிகளை ஓரளவு அடக்கும் என்கிறார்களே, எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எண்ணெயில் நனைத்த வட்டக் காகிதத்தைக் கிருமி பரப்பிய தட்டின் நடுவே வைத்தால், சுற்றிலும் ஒன்றும் முளைக்காத வளையம் விழும். அந்த வாரம் முழுக்க அறையெல்லாம் புதினா நெடி. மூக்கில் குளிர், கண்ணில் குளிர். பேசினால் வார்த்தைகூடக் குளிர்ந்து வந்தது. எல்லோரும் தலைவலி என்றார்கள். எனக்கு மட்டும் சுகமாக இருந்தது. அப்பா தூக்கம் வராமலிருக்கப் பெப்பர்மின்ட் சப்பிக்கொண்டே வண்டி ஓட்டுவார். அவர் சட்டையின் வாசனை அது. எண்ணெய்ப் புட்டியைத் திறக்கும்போது பின்னால் அவர் நிற்கிறார் என்று திரும்பிக்கூடப் பார்த்திருக்கிறேன்.

என்னுடன் வேலை பார்ப்பவனுக்கு நாங்கள் வைத்த பெயர் பஞ்சு. எதைக் கண்டாலும் ஈரப்பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்துவான். கன்னத்தில் இரண்டு போடலாம் போல அவ்வளவு நல்லவன். அன்று நான் அப்பாவைப் புதுத் தட்டுக்கு மாற்றி, பழையதை அழித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மூலையில் கிடந்தால் காய்ந்துவிடுமே என்று பஞ்சு அந்தப் புதுத் தட்டை எடுத்து, ஈரப்பஞ்சு வைத்த பெட்டிக்குள் போட்டு இறுக்கி மூடியிருக்கிறான். புதினாத் தட்டுகள் இருந்ததும் அதே பெட்டியில்தான்.

காலையில் மூடியைத் திறந்தேன். அப்பாவின் வாசனை குப்பென்று வந்தது. அப்பாவின் தட்டு கழுவித் துடைத்த மாதிரி வெறுமையாக இருந்தது.

"எண்ணெய் இதைத் தொடவே இல்லையே!" என்றான் பஞ்சு.

"தொடணுமா? அதோட ஆவி போதும்டா. மூடின பெட்டிக்குள்ள அது வேற எங்க போகும்?"

"அப்போ காத்து வழியாவே அடக்குதா? இதை எழுதலாமே!"

"எழுது. உன் தலையெழுத்தையும் சேர்த்து எழுது."

உட்கார்ந்து அழுதேன். அவர் சட்டை வாசனையே அவரைத் துடைத்துவிட்டது. அழுது ஓய்ந்ததும் தொழில் புத்தி எட்டிப் பார்த்தது. செத்தே போயிருக்க வேண்டுமென்பதில்லை; ஆவியில் வளராமல் முடங்கிக் கிடந்தாலும் தட்டு இப்படித்தான் இருக்கும். நல்ல காற்று பட்டால் எழுந்துகொள்ளலாம். கையுறை போடக்கூடத் தோன்றாமல், முன்பு கோடு இழுத்த இடத்தைக் கம்பியால் தடவி எடுத்து வேறொரு தட்டில் இழுத்தேன். அதைப் பக்கத்து அறை அலமாரியில் வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"வர்றேன், இரு" என்றாள். காரணம்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் அவளுக்காகக் காத்திருந்தபோது ஸ்டூலிலேயே கண் அசந்தது. ஒரு பேருந்து. இருக்கையெல்லாம் வெள்ளை வெள்ளையாய் யார் யாரோ, சத்தமில்லாமல். ஓட்டுநர் திரும்பாமலேயே கேட்டார்: "எல்லாரும் ஏறியாச்சா?" பதில் சொல்வதற்குள் அக்கா தோளைத் தொட்டாள்.

பஞ்சுவோடு மூவருமாகத் தட்டைத் திறந்தோம். கோடு இழுத்த இடம் முழுக்க வெறுமை. ஓரத்தில், விளிம்பை ஒட்டி, ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு.

என் நெஞ்சு துள்ளியது. பஞ்சுவுக்குப் பொய் சொல்ல வராது.

"கோட்டுல ஒண்ணுமே வரல. நீ கையுறை இல்லாம தட்டோட விளிம்பைப் பிடிச்சியே, விரல் பட்ட அந்த இடத்துல இருக்கு இது. உன் கட்டைவிரல்லேருந்து வந்ததுதான். அப்பா இல்ல... மன்னிச்சுக்கோ."

அக்காவுக்குக் கிருமியும் தெரியாது, கூழும் தெரியாது. என் கையை இழுத்துக் கட்டைவிரலை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அப்போ இது யாரோடதாம்?"

பஞ்சு விரலைப் பார்த்தான். பிறகு பேனாவை எடுத்து, அந்தத் தட்டின் மூடியின்மேல் 'அப்பா' என்று எழுதினான்.